மரத்தை விட்டுவிட்டு நிழலை மட்டும் வரைவது: பிஸ்ஸாரோவின் ‘உறைபனி’யை நகலெடுக்கும் முறை

இருபத்தாறு வருடம் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். கடைப் பெயர், கட்சிச் சுவர், சினிமா பேனர் என்று கைக்கு வந்ததையெல்லாம் எழுதினேன். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு பிரஷைக் கழுவிப் பரணில் போட்டாயிற்று. அப்புறம் ஒரு நாள் மகள் ஒரு காலண்டர் கொண்டுவந்தாள். ஜனவரிப் பக்கத்தில் ஒரு வயல், விறகு சுமந்து போகும் ஒரு ஆள், தரை முழுக்கக் கோடு கோடாக நிழல். மாதம் முடிந்தும் அந்தத் தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. பிப்ரவரியில் பரணிலிருந்து பிரஷை இறக்கினேன்.

அந்தப் படம் பிரான்ஸில் வாழ்ந்த ஓவியர் கமீய் பிஸ்ஸாரோ 1873இல் வரைந்த ‘ஜெலே பிளான்ஷ்’. தமிழில் உறைபனி. பாரிஸுக்கு வடமேற்கே உள்ள பொந்துவாஸ் ஊரிலிருந்து என்னெரிக்குப் போகும் பழைய பாதையோரத்து நிலம். மூலம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதுவரை மூன்று முறை நகலெடுத்திருக்கிறேன். முதல் இரண்டும் கெட்டன. மூன்றாவதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்ணெய் வண்ணம் ஓரளவு பழகியவர்களுக்கு இது போதும்.

நகலெடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். பிஸ்ஸாரோவைவிட ஒன்பது வயது இளையவரான செசான் என்ற பெரிய ஓவியர், பிஸ்ஸாரோ வரைந்த லூவ்சியேன் ஊர்க் காட்சி ஒன்றை இரவல் வாங்கிவந்து பார்த்துப் பார்த்து நகலெடுத்துத்தான் தன் கறுத்த வண்ணங்களை உதறினார். செசானுக்கே ஆகுமென்றால் நமக்கு என்ன?

முதலில் படம், அளவு, கட்டம்

இணையத்தில் இந்தப் படம் பத்து விதமான நிறத்தில் கிடைக்கிறது. சிலதில் மஞ்சள் தூக்கலாக, பழைய ஃபோட்டோ மாதிரி இருக்கும். சிலதில் யாரோ பளிச்சென்று ஆக்கியிருப்பார்கள். அருங்காட்சியகத்தின் தளத்தில் உள்ளதையே எடுங்கள். சாம்பல் கலந்த அமைதியான நிறம்தான் சரி.

மூலத்தின் அளவு 65 செ.மீ. உயரம், 93 செ.மீ. அகலம். அதே அளவில் போகாதீர்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து நகலெடுப்பவர்களுக்குக்கூட மூலத்தின் அளவில் வரையக் கூடாது என்றுதான் விதி. போலியாகிவிடக் கூடாதே என்று. 35க்கு 50 செ.மீ. பலகை எடுத்தால் விகிதம் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும். அச்சுப் படத்தை 14க்கு 20 செ.மீ. ஆக வெட்டிக்கொள்ளுங்கள். அதில் 2 செ.மீ. கட்டம், பலகையில் 5 செ.மீ. கட்டம். இரண்டிலும் நெடுக்கில் ஏழு, குறுக்கில் பத்து, மொத்தம் எழுபது. நாற்பதடி பேனருக்கு நாங்கள் நூலில் சுண்ணாம்புத் தூள் தடவிக் கட்டம் அடித்தது இதே முறையில்தான். இங்கே பென்சில் போதும், அதுவும் மெலிதாக.

கட்டத்துக்குள் எல்லாவற்றையும் வரைந்துவிட வேண்டாம். அடிவானக் கோடு, பாதையின் இரு ஓரம், நான்கைந்து உழுசால், ஆள் நிற்கும் இடம். அவ்வளவுதான். நிழல்களைப் பென்சிலில் தொடவே தொடாதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

பலகையின் வெள்ளையை அப்படியே விடாமல், மிக வெளிறிய சாம்பலை டர்பென்டைனில் கரைத்து ஒரு கை பூசிக் காயவிடுங்கள். பழைய பாணி ஓவியர்கள் அடர்ந்த பழுப்புத் தளத்தில் தொடங்கி மேலே வெளிச்சம் ஏற்றுவார்கள். பிஸ்ஸாரோவும் அவர் கூட்டாளி ஓவியர்களுமான இம்ப்ரஷனிஸ்டுகள் வெளிர் தளத்தில் தொடங்கினார்கள். வண்ணத்துக்கு நடுவே அங்கங்கே தளம் எட்டிப்பார்க்கும்போது படம் மூச்சு விடும்.

வண்ணங்கள்

டைட்டேனியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின், கோபால்ட் நீலம், விரிடியன், கொஞ்சம் அலிசரின் சிவப்பு. ஏழே ட்யூப். கறுப்பு வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் ஒளித்து வையுங்கள்.

போர்டுத் தொழிலில் ஷேடு என்றால் கறுப்பு. எழுத்துக்கு வலது பக்கம், கீழ்ப் பக்கம், முடிந்தது. அந்தப் பழக்கத்தில் முதல் நகலில் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தேன். வயலில் தார் ஊற்றினது மாதிரி ஆயிற்று. அடர்த்தி வேண்டுமானால் அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் சரிபாதி கலந்து பாருங்கள். கறுப்புக்கு மிக அருகே போகும், ஆனால் உயிர் இருக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் இளஞ்சூடாகும். இந்தப் படத்தின் பாதி வேலை இந்த ஒரு கலவையிலேயே இருக்கிறது.

வெள்ளையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிஸ்ஸாரோ காலத்து வெள்ளை ஈய வெள்ளை. நச்சு, ஆனால் மிருதுவானது. டைட்டேனியம் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு, முரடு. ஒரு பொட்டு அதிகமானாலும் மற்ற நிறத்தையெல்லாம் விழுங்கிச் சுண்ணாம்பாக்கிவிடும். நிறத்தில் வெள்ளையைச் சேர்க்காதீர்கள், வெள்ளையில் நிறத்தைச் சேருங்கள்.

வானம்

இதற்கு ஒரு மணி நேரம் போதும். வெளிறிய நீலம், அடிவானத்தை நெருங்க நெருங்க மஞ்சள் கலந்த வெளுப்பு. ஒரே திசையில் இழுக்காமல் சின்னச் சின்னத் தீற்றலாக வையுங்கள். இந்தப் படத்தில் பாதிக்கு மேல் தரைதான், உங்கள் நேரமும் தரைக்குத்தான் போக வேண்டும்.

தரை

பனி என்ற ஒரே சொல்லைத் தமிழில் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறோம். புல்லில் நிற்பதும் பனி, மூடிக்கொள்வதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. அதனால்தான் ‘பனிப் படம்’ என்றதும் கை வெள்ளை ட்யூபைத் தேடுகிறது. இது கொட்டிய பனி அல்ல. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும்போது, காற்றில் உள்ள ஈரம் மண்கட்டியின் மேலும் புல் நுனியிலும் நேராகப் படிகமாகப் படியும். மிக மெல்லிசு. அடியில் மண் தெரியும், புல் தெரியும். வெயில் பட்டதும் அங்கே முதலில் இளகும், நிழலில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இது மண்டையில் ஏறினால்தான் வண்ணம் சரியாக விழும். என் முதல் நகலைப் பார்த்த பேரன் “தாத்தா, கோலப்பொடி கொட்டிடுச்சா?” என்றான். சரியான கேள்வி.

ஆகவே முதல் நாள் பனியை மறந்துவிடுங்கள். மண்ணை மட்டும் போடுங்கள். வெயில் படும் இடத்துக்கு ஓக்கரும் வெள்ளையும், பச்சை தட்டும் இடத்துக்கு அதிலேயே துளி விரிடியன். விரிடியன் தனியாகப் போனால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், அலிசரின் ஒரு நுனி சேர்த்தால் அடங்கும். தூரிகை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். உழுசால் எந்தச் சாய்வில் ஓடுகிறதோ அதே சாய்வில் குட்டைக் குட்டையாக வையுங்கள். ஏர் போன வழியே பிரஷும் போக வேண்டும். ஆறாம் நம்பர் தட்டைப் பன்றிமயிர்த் தூரிகை நல்லது. அதன் மயிர்கள் வண்ணத்தில் சின்னச் சின்ன வரம்புகளை விட்டுச்செல்லும். அந்த வரம்புகளைத் தடவி மழமழப்பாக்கிவிடாதீர்கள், பின்னால் அவைதான் கைகொடுக்கும்.

எனக்கு இங்கேதான் கஷ்டம். எனாமல் பெயின்ட்டில் பிரஷ் தடம் தெரிந்தால் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இழுப்பதற்குப் பழகிய கை, தடத்தைக் கண்டதும் தானாகவே அழிக்கப் போகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு.

தரை போட்டுக்கொண்டே இருக்கும்போது சலிப்பு வரும். மண், மண், மேலும் மண். எனக்குச் சலித்தபோதெல்லாம் 1870ஐ நினைத்துக்கொள்வேன். பிரான்ஸுக்குள் பிரஷ்யப் படை, அதாவது ஜெர்மானியர் படை, வந்தபோது பிஸ்ஸாரோ குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடினார். லூவ்சியேனில் அவர் விட்டுச்சென்ற வீட்டில் சிப்பாய்கள் தங்கி, தோட்டத்துச் சேற்றில் கால் படாமல் நடக்க அவருடைய கேன்வாஸ்களை விரித்துப் போட்டார்களாம். இருபது வருட வேலையில் திரும்பி வந்தபோது மிஞ்சியது நாற்பது சொச்சம். 1872இல் பொந்துவாஸுக்குக் குடிபோனார். நாற்பதைத் தாண்டிய வயது. அடுத்த ஆண்டே இந்த மண்ணை இத்தனை பொறுமையாக வரைந்திருக்கிறார்.

நிழல்

இரண்டாம் நாள், தரை இன்னும் ஈரமாக இருக்கும்போதே நிழல். பென்சிலில் கோடு போட வேண்டாம் என்றேன் இல்லையா, காரணம் இதுதான்: கோடு இருந்தால் கை அதற்குள் வண்ணத்தை நிரப்பப் பார்க்கும். நிரப்பிய நிழல் ரோட்டில் போட்ட வரிக்குதிரைப் பட்டைதான்.

உழுத நிலத்தில் நிழல் நேராக விழாது. மேட்டில் ஏறும், சாலில் இறங்கும், மறுபடி ஏறும். ஓரம் ஒவ்வொரு உழுசாலிலும் சற்று உடையும். இந்தப் படத்தில் உழுசாலின் சாய்வும் நிழலின் சாய்வும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. எனவே நிழலின் திசையில் பிரஷை இழுக்காதீர்கள். உழுசாலின் திசையிலேயே, நிழலின் நிறத்தில், தீற்றல் தீற்றலாக அடுக்கிக்கொண்டு போங்கள். பத்துப் பதினைந்து தீற்றல் சேர்ந்ததும் நிழல் தானாக எழும். முதல் முறை அது எழுந்தபோது நான் பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவந்தேன்.

நிறம்: ஏற்கனவே சொன்ன அல்ட்ராமரின்-சியன்னா கலவையில் வெள்ளையும் துளி கோபால்ட்டும். நிழலுக்கும் வெயிலுக்கும் அடர்த்தி வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. நிறத்தில்தான் பேதம் அதிகம், ஒன்று சூடு, இன்னொன்று குளிர். சந்தேகமாக இருந்தால் உங்கள் பலகையையும் அச்சுப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஃபோனில் கறுப்பு-வெள்ளையாகப் படம் எடுங்கள். உங்கள் நிழல் அதைவிடக் கறுத்திருந்தால், கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டு மறுபடி.

இனி இரண்டாவது நகல் கெட்ட கதை. நிழல்கள் நன்றாகவே வந்திருந்தன. மனைவி வந்து பார்த்தாள். “இந்தக் கோடெல்லாம் என்ன?” “மரத்தோட நிழல்.” “மரம் எங்கே?” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதுவரை நானே கவனிக்கவில்லை. இத்தனை நிழலுக்குமான மரங்கள் படத்தில் இல்லை, சட்டத்துக்கு வெளியே எங்கோ நிற்கின்றன. யாருக்கும் புரியாதே என்று ஓரத்தில் இரண்டு நெட்டை மரத்தை நட்டுவைத்தேன். உடனே படம் செத்துப்போயிற்று. நிழல்கள் அந்த இரண்டு மரத்தின் வால்களாகச் சுருங்கிவிட்டன. மரங்கள் இல்லாதபோது அந்த இடம் நான்கு பக்கமும் விரிந்து கிடந்தது, நட்டதும் அறைபோல் அடைபட்டது.

பிறகுதான் தெரிந்தது, மனைவி கேட்ட கேள்வியை 1874லேயே ஒருவர் கேட்டுவிட்டார் என்று. அந்த வருடம் ஏப்ரல் 15 முதல் ஒரு மாதம், பாரிஸில் நாதார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் இம்ப்ரஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி. பிஸ்ஸாரோ வைத்த ஐந்து படங்களில் இதுவும் ஒன்று. கஸ்தான்யாரி என்ற விமர்சகர் இவர்களுக்கு வேண்டியவர்தான். அவரே, சட்டத்துக்கு வெளியே உள்ள மரங்களின் நிழலை வயலில் வரைவது பெரிய தவறு, பார்ப்பவன் மரத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். எங்கள் வீட்டில் இப்போது மனைவியை நான் கஸ்தான்யாரி என்றுதான் கூப்பிடுகிறேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

உறைபனி

இப்போது பலகையை ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள் சும்மா விடுங்கள். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. அவசரப்படுத்தி வெயிலில் வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும்.

விரல் வைத்தால் ஒட்டாத பதம் வந்ததும் இரண்டு சிறு கலவை செய்யுங்கள். வெள்ளையில் ஊசிமுனை ஓக்கர், இது வெயில் பனிக்கு. வெள்ளையில் கோபால்ட்டும் அலிசரின் துளியும், இது நிழல் பனிக்கு. எண்ணெய் சேர்க்காதீர்கள். தூரிகையில் தொட்டு, துணியில் பெரும்பாலானதைத் துடைத்துவிடுங்கள். கிட்டத்தட்ட வெறும் தூரிகை. அதைப் படுக்கைவாட்டில் பிடித்து, தரைமேல் எடையே கொடுக்காமல் உரசிக்கொண்டு போங்கள். முதல் நாள் பன்றிமயிர் விட்ட வரம்புகளின் தலையில் மட்டும் வெள்ளை தட்டும். பள்ளத்தில் மண் அப்படியே தெரியும். மண்கட்டியின் உச்சியில் பனி படிகிற விதமும் இதுதானே.

நான்கைந்து இடத்தில் உரசிவிட்டு நிறுத்துங்கள். பின்னால் போய் எட்டடி தள்ளி நின்று பாருங்கள். இந்தப் படத்தைத்தான் லூயி லெருவா என்பவர் ‘லெ ஷாரிவாரி’ என்ற கேலிப் பத்திரிகையில் போட்டுக் கிழித்தார். வண்ணம் கலக்கும் பேலட்டைச் சுரண்டி அழுக்குக் கேன்வாஸில் அப்பினது, இதற்குத் தலையும் இல்லை காலும் இல்லை என்கிற மாதிரி. எனக்கு லெருவாவின்மேல் கோபம் வரவில்லை. சாரத்தில் தொங்கிக்கொண்டு பேனர் வரையும்போது, கதாநாயகனின் கன்னம் எங்களுக்கும் ஒரு பச்சைத் திட்டு, ஒரு ஊதாத் திட்டு, நடுவே கத்தியால் அடித்த ஆரஞ்சு. கீழே இறங்கி ரோட்டைக் கடந்து திரும்பிப் பார்த்தால்தான் முகம். கிட்டே நின்று கேலி செய்த எத்தனையோ பேரை அந்த எதிர்ப்புறத்துக்கு அழைத்துப்போயிருக்கிறேன்.

ஆள்

கடைசியில் அவர். விறகுக்கட்டு என்றாலே என் கை தலைச்சுமை என்று நினைத்துவிட்டது. முதல் நகலில் கட்டு தலைமேல் ஏறிவிட்டது, ஆள் நிமிர்ந்து வீறுநடை போட்டார். மூலத்தில் சுமை முதுகில், கையில் ஊன்றுகோல், உடம்பு முன்னே கவிந்திருக்கிறது. தலைச்சுமைக்கு முதுகு நிமிர வேண்டும், முதுகுச் சுமைக்கு வளைய வேண்டும். அந்த ஒரு வளைவு தப்பினால் மொத்தமும் தப்பு.

முகம் வேண்டாம், விரல் வேண்டாம், அவுட்லைன் கூடவே கூடாது. நீலம் கலந்த அடர் சாம்பலில் ஐந்தாறு தீற்றல், சுமைக்குப் பர்ன்ட் சியன்னா நான்கு. அவர் அந்த மண்ணிலிருந்தே எழுந்தவர்போல இருக்க வேண்டும், எனவே பக்கத்து நிலத்தின் நிறத்தை எடுத்து அவர் காலோரத்தை இரண்டு இடத்தில் அழித்துவிடுங்கள். லைட் அடிக்கிறேன் என்று தோளில் பளிச்சென்று வெள்ளை வைத்தால் சினிமா பேனர் ஆகிவிடும். என் மூன்றாவது நகலிலும் அந்தத் தோளில் கொஞ்சம் வெள்ளை இருக்கிறது. விடமுடியவில்லை.

முடித்தபின்

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள். டர்பென்டைன் திறந்திருக்கும்வரை ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

வார்னிஷ் வேண்டாம். பளபளப்பு ஏறினால் உறைபனியின் மங்கல் போய்விடும். இம்ப்ரஷனிஸ்டுகளில் பலர், பிஸ்ஸாரோ உட்பட, வார்னிஷை விரும்பியதில்லை. தூசி படிந்தால் மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம்.

பலகையின் பின்புறம் ‘பிஸ்ஸாரோ, 1873, ஓர்சே அருங்காட்சியகம், பார்த்து வரைந்தது’ என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். முன்பக்கம் அவர் கையெழுத்தை வரையாதீர்கள். எழுத்து என்றால் என் கை நிற்காது, சி. பிஸ்ஸாரோ என்ற அந்தக் கையெழுத்தை அச்சு அசலாக அடித்துவிடுவேன். அதனால் தாளில் தனியாக ஒரு தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். நகல் இப்போது சமையலறைச் சுவரில் இருக்கிறது. காலையில் அடுப்புப் பக்கம் நிற்கும்போது கஸ்தான்யாரி அதைப் பார்த்து, அந்த மரங்கள் வலப்பக்கம் நிற்கின்றனவா இடப்பக்கமா என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.